இரண்டு புது டயர்: முன்னாலா, பின்னாலா?

மணலியில் கன்டெய்னர் லாரிகள் ஓடி ஓடிப் பள்ளமான சாலைகளில் மழைநீர் தேங்கும். டயர் பட்டன்களுக்கு நடுவிலுள்ள காடிகள்தான் அந்த நீரை வெளியேற்றுகின்றன. காடி ஆழமிழந்தால் நீர் டயரைத் தரையிலிருந்து தூக்கிவிடும். ஸ்டியரிங்கும் பிரேக்கும் பேச்சைக் கேட்காது. காடிக்குள் தெரியும் சிறு மேட்டின் உயரம் 1.6 மில்லிமீட்டர். ரப்பர் அதுவரை தேய்ந்தால் மாற்றியே ஆக வேண்டும். மழைக்காலத்துக்கு முன் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றச் சொல்வேன்.

இரண்டு மட்டும் வாங்கினால்? எஞ்சின் முன்சக்கரங்களைத்தானே சுழற்றுகிறது என்று பலரும் முன்னால் மாட்டச் சொல்கிறார்கள். பின்னால்தான் மாட்ட வேண்டும். முன்சக்கரம் வழுக்கினால் கார் நேராக நழுவும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். அதைச் சாதாரண ஓட்டுநர் திருத்துவது மிகக் கடினம்.

மணலிக்குப் பக்கத்திலுள்ள திருவொற்றியூரில் 1946-இல் மாம்மன் மாப்பிள்ளை கொட்டகை போட்டுப் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியதுதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனம் ஆனது. எந்த நிறுவன டயரானாலும் பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத் தயாரிப்பு. ஓடாத டயரும் வெயிலிலும் ஓசோனிலும் இறுகி வெடிப்பு விடும். தள்ளுபடி தந்தாலும் பழைய தேதி டயரை வாங்காதீர்கள்.