அடிப்பக்கத்து ஜாதகம்

சென்ற வாரம் பித்தளை தகடாகும் இடத்தில் நிறுத்தியிருந்தோம். அந்தத் தகட்டை வட்டமாக வெட்டி, அச்சில் அழுத்தி இழுத்து, சூடேற்றி இளக்கி, மறுபடியும் இழுத்தால் துப்பாக்கித் தோட்டாவின் உறை கிடைக்கும். எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். சுடும் கணத்தில் உறை விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் பீறிடாமல் அடைக்க வேண்டும். அடுத்த கணமே கொஞ்சம் சுருங்கி வெளியே வந்துவிடவும் வேண்டும். இரண்டு வேலையையும் சலிக்காமல் செய்வதால்தான் நூறாண்டு கடந்தும் பித்தளைக்கு மவுசு குறையவில்லை.

சுட்டபின் மிஞ்சுவது உறை மட்டும். தோட்டாவில் விலை அதிகமான பாகமும் அதுதான். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இலக்குச் சுடுவோரும் வேட்டைக்காரர்களும் காலி உறைகளைப் பொறுக்கிச் சேர்த்து, புது பிரைமரும் (ஊசி பட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) மருந்தும் குண்டும் இட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். நேற்று வாங்கிய உறை என்றால் பெரிய யோசனை தேவையில்லை. எண்பது வருடத்துப் பழைய ராணுவ உறை என்றால், முதலில் அதன் அடிப்பக்கத்தைப் படிக்கத் தெரிய வேண்டும்.

பிறந்த ஊர், பிறந்த வருடம், சில சமயம் குலம் கோத்திரம் வரை அங்கே பொறித்திருக்கும். புனே அருகே 1869இல் தொடங்கிய கிர்க்கி தொழிற்சாலையின் .303 அங்குலத் துப்பாக்கித் தோட்டாவின் உறையில் 'கே', 'எஃப்' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். அவற்றோடு அரசுச் சொத்து என்பதற்கான அம்புக்குறியும் இருக்கும். ரோமன் எண்ணில் ஏழு இருந்தால் 1910இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற ஏழாம் வகைத் தோட்டா. வட்டத்துக்குள் சிலுவைக்கோடு இருந்தால் நேட்டோ நாடுகளின் சரக்கு. ஆனால் ஜாதகம் பிறப்பைத்தான் சொல்லும். உறை மறுபடி நிரப்பத் தகுமா, எத்தனை தடவை சுடப்பட்டது, எங்கே கிடந்தது என்பதை வேறு தடயங்களில்தான் தேட வேண்டும்.

முதல் தடயம் உள்ளே இருக்கிறது. வாய்வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் நடுவே ஒரே துளை தெரியும். அது பாக்ஸர் பிரைமர் முறை. இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் பெர்டான் முறை. பாக்ஸர் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, பெர்டான் அமெரிக்கர். வேடிக்கை என்னவென்றால், பிரிட்டன் தன் .303இல் பெர்டான் முறையைக் கட்டிக்கொண்டது, அமெரிக்கா பாக்ஸரைத் தத்தெடுத்தது. பழைய பிரைமரைத் தள்ளும் சாதாரண ஊசிக்கு நடுத்துளை வேண்டும். அது இல்லாததால் பெர்டான் உறைகளைப் பெரும்பாலோர் ஒதுக்கிவிடுகிறார்கள்.

ஒதுக்க இன்னொரு காரணம் பாதரசம். பழைய பிரைமர்களில் பாதரச ஃபல்மினேட் இருந்தது. கரிமருந்துக் காலத்தில் அதன் அடர்ந்த கசடு பாதரசத்தையும் வாரிக்கொண்டு போனது. புகையில்லா மருந்து வந்ததும் பாதரசம் நேராகப் பித்தளைக்குள் ஊறி, அதை நொறுங்கும் பண்டமாக்கியது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உறைகளை மறுபடி நிரப்பும் வழக்கம் இருந்த அமெரிக்க ராணுவம் 1890களின் இறுதியிலேயே பாதரசத்தைக் கைவிட்டது. பிரிட்டிஷ் தோட்டாக்களில் அது இரண்டாம் உலகப் போர் வரை நீடித்தது. பொட்டாசியம் குளோரேட்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது விட்டுச்செல்லும் உப்பு ஈரம் உறிஞ்சித் துப்பாக்கிக் குழாயைத் துருப்பிடிக்க வைக்கும்; பித்தளைக்கு அதனால் பெரிய கேடு இல்லை.

பித்தளைக்கு வந்த விசித்திரமான நோய் நம் பருவமழையோடு சம்பந்தப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படை, மழைக்காலத்தில் சண்டை ஓய்ந்ததும் தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. மழை விட்டுத் திறந்தால், யாரும் சுடாத புத்தம் புதுத் தோட்டாக்களின் கழுத்தில் விரிசல்! பருவத்தோடு வந்ததால் 'பருவ விரிசல்' என்று பெயர் வைத்தார்கள். காரணம் விளங்கியது 1921இல்தான். மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் விளக்கினார்கள்: குதிரை மூத்திரத்திலிருந்து அம்மோனியா எழுகிறது. ஈரக்காற்றில் அது பித்தளையின் செம்பைத் தாக்குகிறது. குண்டை இறுக்கிப் பிடித்திருக்கும் கழுத்தில் இழுவிசை ஏற்கெனவே உறைந்திருப்பதால் அங்கேதான் பிளக்கிறது. இழுவிசை இல்லாவிட்டால் அம்மோனியா மட்டும் இவ்வளவு செய்யாது. ஆகவே கழுத்தைச் சூடேற்றி இளக்கினால் போதும். இன்றும் ராணுவத் தோட்டாவின் கழுத்தில் நீலம் பாய்ந்த கறை தெரிவது அந்தச் சூட்டின் தழும்புதான். அழகு கெடுகிறதே என்று கடைச் சரக்கில் மெருகேற்றி அழித்துவிடுவார்கள். ராணுவம் அந்தச் சிரமம் எடுத்துக்கொள்வதில்லை.

இதைத் தெரிந்தவர்கள் அம்மோனியா கலந்த பாலிஷை உறைமேல் தடவ மாட்டார்கள். குத்துவிளக்குக்குப் போடுவதுபோல் புளிப்பில் நெடுநேரம் ஊறப்போடுவதும் ஆகாது. துத்தநாகம் கரைந்து வெளியேறிய இடம் செம்பின் இளஞ்சிவப்பாகத் தெரியும், அங்கே வலு இருக்காது.

.303க்கு இன்னொரு பலவீனம் உண்டு. பதுங்குகுழிச் சேற்றிலும் சிக்காமல் சுட வேண்டும் என்று அதைச் சுடும் லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் அறையைத் தாராளமாகவே வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தடவை சுடும்போதும் உறை நீள்கிறது. அடித்தட்டுக்குச் சற்று மேலே சுவர் மெலிகிறது. வெளியே பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால் எச்சரிக்கை. நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு இழுக்கும்போது பள்ளம் தட்டுப்பட்டால் அந்த உறையின் ஆயுள் முடிந்தது. மீறிச் சுட்டால் அறைக்குள்ளேயே இரண்டாக முறியும். முன்பாதி உள்ளே சிக்கிக்கொள்ள, வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரலாம். அனுபவசாலிகள் கண்ணாடி அணியாமல் சுடுவதில்லை.

இப்படி உறையைத் திரும்ப நிரப்புவதெல்லாம் அமெரிக்கா போன்ற நாட்டவர்களின் பொழுதுபோக்கு. நம் ஊரில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தோட்டாவின் பாகங்களையும் தோட்டாக் கணக்கிலேயே வைக்கிறது. பழைய இரும்புக் கடைக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: அடியில் ஊசிக்குழி விழுந்திருப்பதை மட்டும் வைத்துக் காலி என்று முடிவு கட்டக் கூடாது. ஊசி அடித்தும் வெடிக்காமல் போன தோட்டா உண்டு. வாயில் குண்டு இருந்தால் அது உயிருள்ள தோட்டாதான். உலையில் போடாமல், சுத்தியல் வைக்காமல், காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட வேண்டும். உறைகளை முறையாக ஆராய்பவர்களும் கழித்ததைச் சும்மா எறிவதில்லை. வேறு யாரும் எடுத்து நிரப்பிவிடாதபடி குறட்டால் வாயை நசுக்கிய பிறகுதான் எடைக்குப் போடுகிறார்கள்.

(தொடரும்)