வெள்ளை போர்டா, கறுப்பு போர்டா? செல்ஃப் டிரைவ் காரில் கிளம்பும் முன் இதைப் பாருங்க!

மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய சந்துகளிலும் தி.நகரின் பழைய அபார்ட்மென்ட்களிலும் கார் வாங்குவதைவிட அதை நிறுத்த இடம் பிடிப்பதுதான் பெரும்பாடு. அதனால், மூன்று நாள் லீவு சேர்ந்து வந்தால் பலர் தேடுவது செல்ஃப் டிரைவ் கார்தான். அடையாறில் வண்டியை எடுத்து, திருவான்மியூரில் ஈ.சி.ஆர். பிடித்தால் மாமல்லபுரம், புதுச்சேரி, தரங்கம்பாடி, தஞ்சாவூர், அப்படியே கொடைக்கானல். கடல், கோயில், மலை மூன்றும் ஒரே டிரிப்பில்.

தங்கும் ஹோட்டலின் ரிவ்யூவை அரை மணி நேரம் படிப்பவர்கள்கூட, காரின் நம்பர் பிளேட் என்ன நிறம் என்று பார்ப்பதில்லை. வழியில் ஏதாவது ஆகிவிட்டால் பணம் கட்டப்போவது யார் என்ற கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

பிளேட்டின் நிறம் என்ன சொல்கிறது?

வெள்ளை பிளேட்டில் கறுப்பு எழுத்து என்றால் சொந்தப் பயன்பாட்டு வண்டி. மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து என்றால் டாக்ஸி. கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான், வாடகைக்கு எடுப்பவரே ஓட்டிச் செல்ல அனுமதி பெற்ற வண்டி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 75-வது பிரிவின் கீழ் 1989-ல் வந்த திட்டம் இது. லைசென்ஸ் வாங்க ஒரு நிறுவனத்திடம் குறைந்தது 50 கார்களாவது இருக்க வேண்டும். ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்களால் இந்த வழியில் வர முடியாது. அவர்களில் சிலர் வெள்ளை போர்டு காரையே வாட்ஸ்அப் குரூப்பில் வாடகைக்கு விடுகிறார்கள். ரேட் கம்மிதான். ஆனால் அந்தக் காரின் இன்சூரன்ஸ் பாலிசியில், வாடகைக்கு விடக் கூடாது என்ற நிபந்தனை தெளிவாக அச்சிடப்பட்டிருக்கும்.

இடித்துவிட்டால் என்ன ஆகும்? காருக்கு ஆன சேதத்துக்கு க்ளெய்ம் தர முடியாது என்று இன்சூரன்ஸ் நிறுவனம் சொல்லிவிடலாம். அடிபட்டது வழியில் போன ஒருவர் என்றால், அவருக்கான இழப்பீட்டை முதலில் நிறுவனம் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவதுண்டு. உரிமையாளர் அடுத்து யாரைத் தேடி வருவார் என்று சொல்லத் தேவையில்லை. பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓடும் வண்டியைப் பிடித்துவைக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. நடு வழியில் குடும்பத்தோடு இறங்கி நிற்க வேண்டியதுதான்.

நண்பரின் காரை, பணம் எதுவும் கொடுக்காமல் அவர் சம்மதத்தோடு எடுத்துப் போவது வேறு விஷயம். செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால் அதற்கு பாலிசி தடை சொல்லாது.

கறுப்பு போர்டு வண்டியே கிடைத்தாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: ஓட்டுபவருக்கு விபத்துக் காப்பீடு உண்டா? பாலிசியோடு வரும் ரூ.15 லட்சம் கட்டாயத் தனிநபர் கவர், பதிவு பெற்ற உரிமையாளர் ஓட்டுவதை மனதில் வைத்து உருவானது. இரவல் வண்டியை ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில்தான் வைத்துப் பார்க்கப்படுவார் என்று 2009-ல் நிங்கம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தன் தவறால் நடந்த விபத்தில், 'நான் மூன்றாம் நபர்' என்று கேட்டு வாங்க முடியாது என்பதே இதன் நடைமுறை அர்த்தம். தனி விபத்து பாலிசி ஒன்று கையில் இருந்தால் நிம்மதி.

கடலோரம்

ஈ.சி.ஆரில் நள்ளிரவில் கிளம்பி விடியலில் புதுச்சேரி சேருவது பலருக்கும் ஒரு ஜாலி. மீனவக் கிராமங்களின் ஊடாகப் போகும் சாலை இது. இருட்டில் குறுக்கே நடப்பவர்கள், மாடுகள், ராங் சைடில் வரும் பைக்குகள் என எல்லாம் உண்டு. விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குள் மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டு நகரலாம். கடப்பாக்கம் பக்கம் ஆலம்பரைக் கோட்டை இடிபாடு, மரக்காணத்தில் உப்பளம். அவசரப்படுபவர்கள் தவறவிடும் இடங்கள் இவை.

புதுச்சேரியில் பெட்ரோல் கொஞ்சம் மலிவு, டேங்கை நிரப்பிக்கொள்ளலாம். மது பாட்டிலோடு தமிழக எல்லைக்குள் வந்தால் சோதனைச் சாவடியில் சிக்கல். குடித்துவிட்டு ஓட்டினால் முதல் முறையே ரூ.10,000 வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, சில நேரம் இரண்டும்.

தரங்கம்பாடிக்கு அரை நாளாவது கொடுக்கலாம். 1620-ல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதும் இங்கேதான். அங்கிருந்து கும்பகோணம் வழியாக தாராசுரம், தஞ்சாவூர்.

மலையில்தான் பரீட்சை

கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் அமலுக்கு வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பே போட்டார்கள். இதில் வாடகைக் காருக்கு ஒரு தனிச் சிக்கல்: விண்ணப்பத்தில் வண்டி நம்பர் கேட்கும். நிறுவனம் கடைசி நேரத்தில்தான் நம்பர் சொல்கிறது என்றால், சீசனில் இடம் முடிந்திருக்கலாம். புக் செய்யும்போதே இதைக் கேட்டுவிட வேண்டும்.

சென்னையின் சமதளத்தில் மட்டும் ஓட்டிப் பழகியவர்களுக்கு, மலை ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது, பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடாகிப் பிடிப்பை இழக்கும். பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் பஞ்சு போல உள்ளே போகும், வண்டி நிற்காது. மலைப்பாதை டிரைவர்களின் பழைய கணக்கு சரியானது: ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். ஆட்டோமேட்டிக் காரில் 'டி'-யிலேயே விட்டுவிடாமல் 'எல்' அல்லது மேனுவல் மோடுக்கு மாற்ற வேண்டும். எந்த பட்டன் என்று காரை வாங்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது, கொண்டை ஊசி வளைவில் தேட முடியாது. நியூட்ரலில் உருட்டுவது பெட்ரோல் மிச்சமல்ல, தற்கொலை முயற்சி. கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரம் கட்டி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. இது மரியாதைக்காகச் சொல்வதல்ல, சாலை விதி.

கொடைக்கானலிலிருந்து சென்னைக்கு 500 கிலோமீட்டருக்கு மேல். ஒரே மூச்சில் ஓட்டாமல் திருச்சியில் ஓர் இரவு தங்கலாம். சுங்கச் சாவடிக் கட்டணத்தையும் கணக்கில் வையுங்கள். ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் சொந்தப் பயன்பாட்டு வண்டிகளுக்கு மட்டுமே, கறுப்பு போர்டுக்குக் கிடையாது. காரைத் திருப்பிக் கொடுக்கும்போது, எடுத்த அன்று செய்தது போலவே நான்கு பக்கமும், டயரும், கிலோமீட்டர் மீட்டரும் தெரிய ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். டெபாசிட் கணக்கில் வந்து சேரும்வரை அதை போனிலிருந்து அழிக்க வேண்டாம்.