உங்களுக்குத் தெரியுமா?

நெய்வேலி என்.எல்.சி.யின் பங்குகள் விற்கும் அதே பங்குச் சந்தையில், ஒரு சீரியல் நடிகையின் கம்பெனியும் பட்டியலில் இருக்கிறது! அந்த நடிகை ராதிகா. கம்பெனி, ராடான் மீடியாவொர்க்ஸ். நெய்வேலியை ஒட்டிய வடக்குத்தில் இரவுச் சாப்பாட்டை டிவி முன்னால் முடித்த வீடுகளுக்கு அந்தப் பெயர் டைட்டில் கார்டிலேயே பழக்கம்.

● 1999 டிசம்பரில் சன் டிவியில் தொடங்கிய ‘சித்தி’தான் திருப்புமுனை. சி.ஜே. பாஸ்கர் இயக்கம், ஜோடி சிவகுமார். 2001 நவம்பர் வரை ஓடியது. தெலுங்கில் ‘பின்னி’ என்று டப் ஆகி அங்கேயும் வெற்றி. பிறகு அண்ணாமலை, செல்வி, அரசி, செல்லமே என்று வரிசை. ‘வாணி ராணி’யில் இரட்டை வேடம்: வக்கீல் ஒருத்தி, குடும்பத் தலைவி ஒருத்தி. அழுகைக்கும் அதட்டலுக்கும் ஒரே சம்பளம், தயாரிப்பாளரும் அவரேதானே!

● நடிகவேள் எம்.ஆர். ராதாவின் மகள். முதல் படம், பாரதிராஜாவின் ‘கிழக்கே போகும் ரயில்’ (1978).

● தயாரிப்பு அவருக்கு டிவியில் வந்த பழக்கம் அல்ல. பிரதாப் போத்தன் முதன்முதலாக இயக்கிய ‘மீண்டும் ஒரு காதல் கதை’யைத் தயாரித்தவர் ராதிகா. சிறந்த அறிமுக இயக்குநர் படத்துக்கான இந்திரா காந்தி தேசிய விருது அதற்குக் கிடைத்தது.

● 2020-இல் ‘சித்தி 2’ வந்தது. பாதியில் ராதிகா விலகிக்கொண்டார். சித்தி இல்லாமலேயே சீரியல் 2022 வரை ஓடியது.