தலைக்கூத்தலும் உயிர்நீப்பும்

மதுரைக்குத் தெற்கே விருதுநகர் முதலிய வறண்ட நாட்டிற் சிலவிடத்து, நோயால் நைந்த முதியோரை எண்ணெய் முழுக்காட்டி, இளநீர் மிகுதியாகப் பருகுவித்து உயிர் நீங்கச்செய்தல் தலைக்கூத்தல் எனப்படும். இதனைக் கருணையென்பாருமுளர். அது பொருந்தாது. தனு, பிராரத்தம் நுகர்தற்பொருட்டு இறைவன் கூட்டியதாகலின், பிறர் அதனை வீழ்த்துதலால் நுகராது எஞ்சிய வினை அழியாது. வீழ்த்தினார்க்கோ ஆகாமியம் ஏறும்.

அற்றேல், மீளா நோயர்பாற் செயற்கைச் சுவாசக் கருவியை அகற்றலும் கொலையாமோ எனின், ஆகாது. கருவி தடுத்துநின்ற முடிவை அதன்வழி விடுதலே அஃது என்க. உச்சநீதிமன்றமும் 2011-இல் அருணா ஷான்பாக் வழக்கில் இவ்வேறுபாட்டையே கொண்டது. 2018-இல் நோயர் முன்னரே எழுதிவைக்கும் விருப்பத்தையும் ஏற்றது. நஞ்சூட்டிக் கொல்லலும், தற்கொலைக்குத் துணைநிற்றலும், மருத்துவர் செய்யினும், இன்றும் குற்றமே.

ஈண்டு உயிர்நிலையாவது நோயரது இசைவு. பிள்ளைகட்குச் சுமையாயினேம் என நாணித் தலைக்கூத்தலுக்கு ஒருப்படும் முதியோர் சொல்லை இசைவென்று கொள்ளுமாறு எங்ஙனம்?