சட்டைப் பைக்குள் பூதம்!

சிதம்பரத்துக்குப் பழைய பெயர் பெரும்பற்றப்புலியூர். கடலூரில் இருப்பது திருப்பாதிரிப்புலியூர். இரண்டிலும் "புலி" ஏன் வந்தது?

புலிக்கால் முனிவர் வழிபட்ட ஊர்கள் இவை என்கிறது புராணம். மனித உடல், புலியின் கால்! அவருடைய தோழர் பதஞ்சலிக்கோ பாம்பு உடல்!

இப்படிப்பட்ட விந்தை உருவங்களைக் கண்டால் குழந்தைகளுக்குக் கொள்ளை ஆசை.

மின்னல் வால் எலி

அந்த ஆசையில் பிறந்தவைதான் "போக்கிமான்" அட்டைகள். "சட்டைப் பைக்குள் பூதம்" என்பது இதன் பொருள்.

ஜப்பானைச் சேர்ந்த சத்தோஷி தஜிரி சிறு வயதில் பூச்சிகளைப் பிடித்துச் சேர்த்தவர். அந்த நினைவில் உருவாக்கிய விளையாட்டு 1996-ம் ஆண்டு வெளிவந்தது. அதே ஆண்டில் அட்டைகளும் வந்தன. மின்னல் வால் கொண்ட மஞ்சள் எலி "பிகாச்சு" உலகப் புகழ் பெற்றது.

"இன்னும் ஒரு பாக்கெட்!"

அட்டைகளை மூடிய பாக்கெட்டில் விற்கிறார்கள். உள்ளே எது இருக்கும் என்று தெரியாது. "இன்னும் ஒரு பாக்கெட் அப்பா!" என்று குழந்தை கெஞ்சும். பணம் கரைவது இங்கேதான். இரட்டையாக உள்ளதை நண்பனிடம் மாற்றிக்கொண்டால் செலவே இல்லை.

பரிசு அட்டை

2021-ல் ஒரு பிகாச்சு அட்டை 52 லட்சத்து 75 ஆயிரம் டாலர் மதிப்பில் கைமாறியது. அது எந்தப் பாக்கெட்டிலும் வந்ததல்ல! படம் வரையும் போட்டியில் வென்றவர்களுக்குத் தந்த பரிசு!

அடுத்த முறை சிதம்பரம் போகும்போது, குழந்தைகளுக்குப் புலிக்கால் முனிவரின் கதையைச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் ஓர் அட்டையும் பென்சிலும் கொடுங்கள்.

அவர்கள் வரையும் பூதம் கடையில் கிடைக்காது!