மூன்று பச்சை விளக்குகள்

நம் புதுவை நகரில், பாரிசிலோ வளைகுடா நாடுகளிலோ உறவினர் ஒருவரேனும் இல்லாத தெருவைக் காண்பது அரிது. இலாசுப்பேட்டை விமான நிலையத்தின் ஓடுபாதை ஏறத்தாழ 1,500 மீட்டர் நீளமே உடையது. பெரிய விமானங்கள் அங்கு இறங்க இயலா. ஆதலின் கடல் கடந்து செல்வோர் சென்னைக்கோ திருச்சிக்கோ சென்றே விமானம் ஏறுகின்றனர். அவர்களை வழியனுப்பிவிட்டு, வில்லியனூர் லூர்து மாதா திருத்தலத்தில் மெழுகுதிரி ஏற்றி, "போய்ச் சேர்ந்துவிட்டேன்" என்ற செய்தி வரும்வரை ஜெபமாலையும் கையுமாய்க் காத்திருக்கும் தாய்மார் நம்மிடையே பலர். அவர்கள் இங்கே ஜெபிக்கும் வேளையில், விண்ணில் விமானிகளின் கடமை யாது? நம் குடும்பங்களும் கற்றுக்கொள்ளத்தக்க ஒரு பாடம் அதில் அடங்கியிருக்கிறது.

திருச்சியின் வானில்

2024-ஆம் ஆண்டு அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை, ஜெபமாலை மாதம். மாலை 5.40 மணியளவில், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் போயிங் 737 விமானம் ஏறத்தாழ 140 பயணிகளுடன் திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குப் புறப்பட்டது. மேலெழுந்த சிறிது நேரத்தில், சக்கரங்களை இயக்கும் 'ஹைட்ராலிக்' எனப்படும் எண்ணெய் அழுத்த அமைப்பில் கோளாறு ஏற்பட்டதை விமானிகள் உணர்ந்தனர். பயணத்தைத் தொடராமல் திருச்சிக்கே திரும்புவதென முடிவாயிற்று.

ஆனால் உடனே இறங்க இயலவில்லை. தொலைதூரப் பயணத்திற்கென நிரப்பிய எரிபொருளின் பாரம் விமானத்தை அழுத்திக்கொண்டிருந்தது. 737-800 வகை விமானம் புறப்படுகையில் ஏறத்தாழ 79 டன் வரை எடை தாங்கலாம். இறங்குகையிலோ ஏறத்தாழ 66 டன்னே தகும். எரிபொருளை வானிலேயே கொட்டிவிடும் வசதி இவ்வகை விமானத்திற்குக் கிடையாது. சுற்றிச் சுற்றிப் பறந்து எரித்தே தீர்க்க வேண்டும். ஆகவே இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக அது வானிலேயே வட்டமிட்டது. கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்சுகளும் அணிவகுத்து நின்றன. செய்தி பரவவே, தமிழகமெங்கும் மக்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தனர்.

இரவு 8.15 மணியளவில் கேப்டன் இக்ரோம் ரிஃபாட்லியும் துணை விமானி மைத்ரேயி ஷிடோலேயும் விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்கினர். எவருக்கும் ஒரு சிறு காயமும் இல்லை.

சக்கரங்கள் இறங்கும் வகை

விமானத்தின் மூக்குப் பகுதியில் ஒன்றும் இறக்கைகளின் கீழ் இரண்டுமாக மூன்று சக்கரத் தொகுதிகள் உள்ளன. இவை கீழிறங்கி உறுதியாகப் பூட்டிக்கொண்டால், விமானிகளின் முன் மூன்று பச்சை விளக்குகள் ஒளிரும். எண்ணெய் அழுத்தம் கைவிட்டாலும் மாற்று வழி உண்டு. 737 விமானத்தில் துணை விமானியின் இருக்கைக்குப் பின்னே, தரையிலுள்ள சிறு மூடியின் கீழ் மூன்று கைப்பிடிகள் இருக்கின்றன. அவற்றை இழுத்தால் பூட்டுகள் விடுபட்டு, சக்கரங்கள் தம் எடையாலேயே கீழிறங்கும்.

இத்துணை ஏற்பாடுகள் இருப்பதால், சக்கரக் கோளாறு பெரும்பாலும் உயிர்ச்சேதமின்றியே முடிகிறது. எனில், பேரிடர் நேர்ந்த இடங்களில் பிழைத்தது எது? இரண்டு நிகழ்ச்சிகள் இதற்கு விடை கூறுகின்றன.

ஒரு சிறு விளக்கின் விலை

1972-ஆம் ஆண்டு டிசம்பர் 29. அமெரிக்காவின் மயாமி நகரில் இறங்கவிருந்த ஈஸ்டர்ன் நிறுவன விமானத்தில், மூக்குச் சக்கரத்திற்குரிய பச்சை விளக்கு எரியவில்லை. விமானத்தை 2,000 அடி உயரத்தில் தானியங்கிக் கருவியின் பொறுப்பில் விட்டுவிட்டு, விமானிகள் அந்த விளக்கையே ஆராய முற்பட்டனர். இதற்கிடையே தானியங்கிக் கருவி உயரத்தைக் காக்கும் பணியினின்று விடுபட்டுவிட்டது. விமானம் மெல்ல மெல்லக் கீழிறங்கியது. இறுதி நொடிகள் வரை ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. சதுப்பு நிலத்தில் மோதிய அவ்விபத்தில் 176 பேரில் 101 பேர் மாண்டனர். சக்கரமோ முறையாகவே இறங்கியிருந்தது! எரிந்துபோனவை விளக்கின் பல்புகள் மட்டுமே. எல்லாரும் பல்பைப் பார்த்தனர். விமானத்தை ஓட்ட ஒருவரும் இல்லை.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1978 டிசம்பர் 28 அன்று, போர்ட்லண்ட் நகரருகே யுனைடெட் நிறுவன விமானம் ஒன்று இதே போன்ற ஐயத்திற்கு உள்ளாயிற்று. சக்கரங்களை இறக்கியபோது பெரும் ஓசை கேட்டது. விளக்கும் ஒழுங்காக எரியவில்லை. அனுபவமிக்க தலைமை விமானி, பயணிகளை ஆயத்தப்படுத்துவதற்காக ஏறத்தாழ ஒரு மணி நேரம் வானில் வட்டமிட்டார். எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. உடனிருந்தவர்கள் அதைக் குறிப்பிட்டனர்; ஆயினும் தலைவரின் உள்ளத்தில் தைக்குமாறு வற்புறுத்திச் சொல்லவில்லை. தலைவரும் செவிமடுக்கவில்லை. முடிவில் எரிபொருள் தீர்ந்து, விமானம் நகர்ப்புறத்திலே விழுந்தது. 189 பேரில் 10 பேர் உயிரிழந்தனர். எச்சரித்தவர்களுள் ஒருவரான விமானப் பொறியாளரும் அவர்களில் அடங்குவார்.

இத்தகைய விபத்துகளுக்குப் பின்னரே உலகெங்கும் விமானிகளுக்குப் புதிய பயிற்சி பிறந்தது. 1979-இல் நாசா நிறுவனம் இதுபற்றி ஆய்வரங்கம் கூட்டியது. 1981-இல் யுனைடெட் நிறுவனமே அப்பயிற்சியைத் தொடங்கியது. அதன் சாரம் எளியது: எத்தகைய இடரிலும் ஒருவர் விமானத்தை ஓட்டுவதில் மட்டுமே கருத்தூன்ற வேண்டும், மற்றவர் கோளாறைக் கவனிக்க வேண்டும். இளையவர் அச்சமின்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும். மூத்தவர் பொறுமையுடன் கேட்க வேண்டும்.

புனிதர் அனைவரின் பெருவிழாவில்

2011 நவம்பர் 1, புனிதர் அனைவரின் பெருவிழா. அமெரிக்காவிலிருந்து போலந்து நாட்டின் வார்சா நகருக்கு 231 பேருடன் வந்த போயிங் 767 விமானத்தின் சக்கரங்களில் ஒன்றும் இறங்கவில்லை. புறப்பட்ட சிறிது நேரத்திலேயே எண்ணெய் அமைப்பு ஒன்று பழுதாகியிருந்தது. வார்சாவில் மாற்று ஏற்பாடும் பயன்தரவில்லை. கேப்டன் ததேயுஷ் வ்ரோனா, ஓடுபாதையில் விமானத்தை வயிற்றுப் பகுதியால் இறக்கினார். தீப்பொறி பறக்க அது சறுக்கி நின்றது. அனைவரும் உயிர் தப்பினர். நாடே அவரை வீரர் எனப் போற்றியபோதும், அது தம்முடன் பணிபுரிந்த அனைவரின் வெற்றி என்றே அவர் கூறினார்.

ஆய்வில் வெளிவந்த உண்மையோ சிந்திக்கத்தக்கது. சக்கரங்களை இறக்கும் மாற்று ஏற்பாட்டுக்கு மின்சாரம் தரும் ஒரு சிறு சுவிட்ச் விலகியிருந்தது. அதை ஒருவரும் காணவில்லை. பின்னர் அதை உள்ளே தள்ளியதும் சக்கரங்கள் இறங்கின. மிகத் திறமை வாய்ந்தவர்களும் காணத் தவறுவது உண்டு. ஆகவேதான் மற்றொரு சோடிக் கண்கள் தேவையாகின்றன.

இல்லமும் ஒரு விமான அறையே

குடும்பங்களிலும் இதுவன்றோ நிகழ்கிறது? மகனின் மதிப்பெண், மகளின் திருமணச் செலவு, அண்டை வீட்டாருடன் ஒரு வழக்கு என ஒரு சிறு விளக்கு எரியாதிருக்க, வீட்டார் அனைவரும் அதையே உற்றுநோக்குகின்றனர். அதற்கிடையே அன்பும் ஒற்றுமையும் உயரம் இழந்து கீழிறங்குவதை எவரும் அறிவதில்லை. "எரிபொருள் குறைகிறது" என இளைய பிள்ளையோ மருமகளோ தயங்கித் தயங்கிச் சொல்லும் சொல், வீட்டுத் தலைவரின் செவியில் ஏறுவதில்லை.

ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு வகுத்த ஒழுங்குநூலின் மூன்றாம் அதிகாரத்தில், முக்கியமான காரியங்களில் மடத்தினர் அனைவரையும் கூட்டி ஆலோசிக்குமாறு பணிக்கிறார். நலமானதை இறைவன் இளையவருக்கே பலமுறை வெளிப்படுத்துகிறார் என்பது அவர் கூறும் காரணம். விமானத் துறை உயிர்களைப் பலிகொடுத்துக் கற்ற பாடத்தைத் திருச்சபையின் ஞானம் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே உரைத்திருக்கிறது.

1920-ஆம் ஆண்டில் திருத்தந்தை 15-ஆம் பெனடிக்ட், லொரேத்தோ அன்னையை விமானிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். நாசரேத்தின் திருவீட்டை வானதூதர் விண்வழியே சுமந்து வந்து இத்தாலியில் சேர்த்தனர் என்னும் பழம் மரபே இதற்கு அடிப்படை. டிசம்பர் 10 அந்த அன்னையின் நினைவு நாள். விமானிகளின் பாதுகாவலி ஒரு வீட்டின் பெயரால் போற்றப்படுவது எத்துணைப் பொருத்தம்!

ஜெபம் விமானியின் கடமைக்கு மாற்றாகாது. அவர் தம் கடமையை அமைதியுடன் ஆற்ற அது துணை நிற்கும். நம் உற்றார் வானில் செல்லும் இரவுகளில், ஜெபமாலையின் ஒரு பத்து மணியை அவர்களைச் சுமந்து செல்லும் விமானிகளுக்காகவும் ஒப்புக்கொடுப்போம். அதன்பின், நம் இல்லத்தில் தாழ்ந்த குரலில் பேசுபவர் எவரோ, அவர் பக்கம் நம் செவியைத் திருப்புவோம்.