வானத்தில் ஒளிந்திருக்கும் ஆங்கில வார்த்தைகள்!

குட்டீஸ்... ஆங்கிலக் கதைப் புத்தகம் படிக்க உங்களுக்கு ஆசைதான். ஆனால், பக்கத்துக்குப் பத்து வார்த்தை புரியாது. உடனே, புத்தகத்தை மூடி வைத்து விடுவீர்கள். அப்புறம், 'கடினமான வார்த்தைகள்' என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்வீர்கள். பரீட்சை முடிந்ததும், அதுவும் மறந்து போகும். இப்படித்தானே நடக்கிறது?

கவலை வேண்டாம்! மனிதர்களைப் போலவே வார்த்தைகளுக்கும் சொந்த பந்தம் உண்டு; கதை உண்டு. அதைத் தெரிந்து கொண்டால், மறக்கவே மறக்காது. வாருங்கள், ஜவ்வாது மலைக்குப் போய் சில வார்த்தைகளைப் பிடித்து வரலாம்.

நட்சத்திரக் குடும்பம்!

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையில் இருக்கிறது காவலூர். இங்குள்ள வைணு பாப்பு வானியல் ஆய்வகத்திலிருந்து, 1988ல் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தனர். அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயரைச் சூட்டினர்.

குறுங்கோளை ஆங்கிலத்தில், 'ஆஸ்டிராய்டு' என்பர். 'ஆஸ்டர்' என்றால், கிரேக்க மொழியில் நட்சத்திரம். தொலைநோக்கியில் நட்சத்திரம் போல் சிறு புள்ளியாகத் தெரிந்ததால், இந்தப் பெயர்.

இனி, இதன் சொந்தக்காரர்களைப் பாருங்கள். வானியல், 'அஸ்ட்ரானமி'. விண்வெளி வீரர், 'அஸ்ட்ரோநாட்'. புத்தகத்தில் அடிக்குறிப்புக்குப் போடும் நட்சத்திரக் குறி, 'ஆஸ்டெரிஸ்க்'. அதாவது, குட்டி நட்சத்திரம்!

பேரழிவைக் குறிக்கும், 'டிஸாஸ்டர்' கூட இந்தக் குடும்பம்தான். அதற்கு, 'கெட்ட நட்சத்திரம்' என்று பொருள். நம் ஊரில், 'கிரகம் சரியில்லை' என்று பாட்டி சொல்வாரே... அதே நினைப்பில் பிறந்த வார்த்தை!

யுரேனசில் ஷேக்ஸ்பியர்!

1977 மார்ச் 10ல், யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடந்தது. அந்தக் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தக் காட்சியைப் பதிவு செய்த இடங்களில், காவலூரும் ஒன்று.

யுரேனசின் நிலாக்களுக்குப் புராணப் பெயர்கள் கிடையாது, இலக்கியப் பெயர்கள்தான். 'டைட்டானியா, ஓபரான்' இருவரும் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் தேவதைகளின் ராணி, ராஜா. 'மிராண்டா' அவரது இன்னொரு நாடகத்தின் நாயகி. லத்தீன் மொழியில், 'வியக்கத் தக்கவள்' என்று அர்த்தம். 'மிராக்கிள்' என்றால் அதிசயம். 'அட்மயர்' என்றால் வியந்து பாராட்டுவது. இரண்டும் மிராண்டாவின் உறவினர்களே!

'அம்ப்ரியல்' என்ற நிலாவின் பெயர், அலெக்சாண்டர் போப் எழுதிய கவிதையிலிருந்து வந்தது. லத்தீனில், 'அம்ப்ரா' என்றால் நிழல். கிரகணத்தின் கருநிழலுக்கும், 'அம்ப்ரா' என்றே பெயர். வெயிலில் நிழல் தரும் குடை என்ன? 'அம்ப்ரல்லா!' பார்த்தீர்களா, தினமும் கையில் பிடிக்கிற வார்த்தை, நிலா வரை போகிறது!

மிளகாய் கடித்த பெக்கி!

புரியாத வார்த்தைக்கு அர்த்தத்தை ஊகிப்பது நல்ல பழக்கம். ஆனால், ஊகித்ததைச் சரிபார்க்க வேண்டும். கல்கத்தாவில் பிறந்த தாக்கரே எழுதிய, 'வேனிட்டி ஃபேர்' நாவலில், பெக்கி என்ற பெண் விருந்துக்குப் போவாள். அங்கே, 'சில்லி' என்ற வார்த்தையைக் கேட்டதும், குளிர்ச்சியான பண்டம் என்று நினைத்துக் கொள்வாள். ஆங்கிலத்தில் குளிரை, 'சில்' என்பார்கள் அல்லவா? ஆசையாகக் கடித்தால்... பச்சை மிளகாய்! தண்ணீர் கேட்டு அலறுவாள். காது சொன்னதை மட்டும் நம்பினால், இந்தக் கதிதான்.

நீங்கள் செய்ய வேண்டியது!

* முதல் முறை, நிறுத்தாமல் படியுங்கள். முன்னும் பின்னும் உள்ள வரிகளை வைத்து அர்த்தத்தை ஊகியுங்கள்.

* பிறகு, அகராதியைப் பாருங்கள். பெரிய அகராதிகளில், வார்த்தை எந்த மொழியிலிருந்து வந்தது என்றும் இருக்கும். அதை விடாதீர்கள்.

* வார்த்தையோடு, அது வந்த வாக்கியத்தையும் நோட்டில் எழுதுங்கள். நூலகப் புத்தகத்தில் கிறுக்கக் கூடாது!

* அன்றைக்கே சொந்தமாக ஒரு வாக்கியம் அமைத்து, நண்பனிடம் பேசிக் காட்டுங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டே வார்த்தை போதும். ஆண்டுக்கு, 730 ஆகி விடும். ஆங்கில மீடியமோ, தமிழ் மீடியமோ, எல்லாராலும் முடியும்.

எங்கே... 'டெலஸ்கோப்' என்ற வார்த்தையில் வரும், 'டெலி'க்கு என்ன அர்த்தம், அதன் சொந்தக்காரர்கள் யார் யார் என்று இன்றைக்கே அகராதியில் தேடுங்கள், பார்க்கலாம்!